தந்தை செல்வா: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில் வளர்ந்த மருமகன், சென்னையில் உள்ள நண்பர், ஊரில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் என்று எல்லோரும் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய, ‘தந்தை செல்வா’ என்று அழைக்கப்பட்ட எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தைப் பற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அவர் மலாயாவில பிறந்தவராம், உண்மையோ?

உண்மைதான். 1898 மார்ச் 31 அன்று ஈப்போவில் பிறந்தார். பிழைப்புக்காகக் கடல் கடந்த எத்தனையோ யாழ்ப்பாணக் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. நான்கு வயதில் தாயுடனும் உடன்பிறந்தவர்களுடனும் தெல்லிப்பழைக்கு வந்துவிட்டார். தகப்பனார் அங்கேயே இருந்தார்.

தெல்லிப்பழை யூனியன் கல்லூரி, யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரி, பிறகு கொழும்பில் சென்ற் தோமஸ் கல்லூரி. இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்தை 1918-ல் பெற்றார். படித்தது விஞ்ஞானம். சில காலம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே சட்டம் படித்தார்.

பெயரில ‘சாமுவேல் ஜேம்ஸ்’ இருக்கே, கிறிஸ்தவரா?

ஆம். முழுப் பெயர் சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம். பெரும்பான்மை சைவர்களாக இருந்த ஒரு சமூகம், கிறிஸ்தவர் ஒருவரை ‘தந்தை’ என்று அழைத்தது. எதிராளிகள் தேர்தல் மேடைகளில் இதை எடுத்துப் பேசாமலில்லை. ஆனால் 1956-க்குப் பிறகு அது எடுபடவில்லை.

எங்க ஊர்ல வக்கீல்னு சொல்வோம். ‘அப்புக்காத்து’ன்னா யாரு?

சென்னை நண்பரின் கேள்வி. இலங்கையில் அப்போது சட்டத்தொழில் இரண்டு படிகளாக இருந்தது. வழக்காளி முதலில் போவது பிறக்கிராசியிடம். காணி உறுதி பார்ப்பதும், பத்திரம் தயாரிப்பதும், வழக்கைத் தாக்கல் செய்வதும் அவர் வேலை. மேல் நீதிமன்றங்களில் எழுந்து நின்று வாதாடுபவர் அப்புக்காத்து. வழக்காளி நேரே அப்புக்காத்திடம் போவது வழக்கமில்லை; பிறக்கிராசியார்தான் கூட்டிக்கொண்டு போவார். 1974 முதல் இந்தப் பிரிவு ஒழிந்து இப்போது எல்லோரும் சட்டத்தரணிகள்தான். என்றாலும் ஊரில் வயதானவர்கள் வாயில் இன்னும் அப்புக்காத்துதான்.

செல்வநாயகம் 1923-ல் அப்புக்காத்து ஆனார். 1947-ல் மூத்த அப்புக்காத்துகளுக்கு மன்னர் பெயரால் கொடுக்கும் கே.சி. பட்டம் கிடைத்தது. மன்னர் இறந்து மகாராணி பதவிக்கு வந்ததும் அதே பட்டம் கியூ.சி. ஆனது. பழைய பத்திரிகைகளில் இரண்டு மாதிரியும் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

ஜீ.ஜீ. பொன்னம்பலம் மாதிரி கொலை வழக்குகளில வெளுத்து வாங்கினவரா?

இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் அவருடைய அரசியலைப் புரிந்துகொள்வது கடினம். ஜீ.ஜீ. குற்றவியல் வழக்கறிஞர். குறுக்கு விசாரணையில் சாட்சியைத் திக்குமுக்காட வைப்பார். அவர் வாதத்தைக் கேட்கவே ஆட்கள் நீதிமன்றத்துக்குப் போவார்கள். செல்வநாயகம் குடியியல் வழக்குக்காரர். அங்கே காணி, சொத்து, ஒப்பந்தம் என்று எல்லாம் கடதாசியில் இருக்கும். குரலை உயர்த்திப் பிரயோசனமில்லை. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, யார் ஒப்பமிட்டது, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதுதான் வழக்கு.

இந்தப் பழக்கத்தோடுதான் அவர் பாராளுமன்றம் போனார். பிரதமர்களோடு பேச உட்கார்ந்தபோதும் அதே பழக்கம்தான்.

நல்ல உழைப்பு உழைச்சுக்கொண்டிருந்த மனிசன் ஏன் அரசியலுக்கு வந்தவர்?

1944-ல் ஜீ.ஜீ. பொன்னம்பலம் தலைமையில் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் தொடங்கியபோது செல்வநாயகம் அதில் சேர்ந்தார். பிரித்தானியர் போகப்போகிறார்கள், சோல்பரி ஆணைக்குழு வருகிறது, புதிய அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்கு என்ன காப்பு என்பது அன்றைய கேள்வி. காங்கிரஸ் கேட்டது ‘ஐம்பதுக்கு ஐம்பது’. அதைத் தமிழருக்கு மட்டும் பாதி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சிங்களவருக்குப் பாதி இடம், மற்ற எல்லாச் சிறுபான்மையினருக்கும் சேர்த்து மீதிப் பாதி. ஆணைக்குழு அதை ஏற்கவில்லை.

1947 தேர்தலில் காங்கேசன்துறைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனார். வயது 49. அந்த வயதில் தொடங்கி முப்பது வருடம்.

ஜீ.ஜீ.யோட ஏன் பிரிஞ்சார்? மலையக மக்களின் குடியுரிமையைப் பறிக்க ஜீ.ஜீ. கை தூக்கினவர் எண்டு சொல்லுறது சரியோ?

பாதி சரி. இதில் இரண்டு சட்டங்கள் உண்டு. எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். முதலாவது 1948-ன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம். அது ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஜீ.ஜீ. எதிர்த்தே வாக்களித்தார். செப்டம்பரில் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார். அதன் பிறகு வந்தது இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், அதாவது 1949-ன் 3-ம் இலக்கச் சட்டம். அதற்கு அமைச்சராக இருந்து ஆதரவு கொடுத்தார். ஆகவே ‘முதல் சட்டத்துக்குக் கை தூக்கினார்’ என்பது பிழை. ‘கறையே இல்லை’ என்பதும் பிழை. அடுத்து வந்த தேர்தல் சட்டத் திருத்தம் வாக்குரிமையையும் எடுத்துவிட்டது. தோட்டங்களில் உழைத்த, இந்திய வம்சாவளியினரான இலட்சக்கணக்கான மலையக மக்கள் நாடற்றவர்களானார்கள். 1947-ல் மலையகத்திலிருந்து பாராளுமன்றத்துக்கு ஆட்கள் போயிருந்தார்கள். 1952-ல் மலையக மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசின் பெயரில் ஒருவரும் போகவில்லை.

செல்வநாயகம் இரண்டையும் எதிர்த்தார். சட்டம் எழுதி ஒரு கூட்டத்தாரின் உரிமையை எடுக்கலாம் என்றால், அதே வழியில் நாளை மற்றத் தமிழரின் உரிமையையும் எடுக்கலாம் என்பது அவர் வாதம். கோப்பாய் உறுப்பினர் கு. வன்னியசிங்கம், செனட்டர் இ.மு.வி. நாகநாதன் ஆகியோருடன் தமிழ்க் காங்கிரசிலிருந்து வெளியேறி, 1949 டிசம்பர் 18 அன்று கொழும்பில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

தமிழில ‘தமிழரசு’, இங்கிலிஷில ‘பெடரல் பார்ட்டி’. எது உண்மையான கொள்கை?

கொள்கை சமஷ்டி. ஒரே நாட்டுக்குள் தமிழ் பேசும் பிரதேசத்துக்குத் தன்னாட்சி. கட்சியின் ஆவணங்கள் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் ‘அரசு’ என்ற சொல் தமிழில் மாநில அரசையும் குறிக்கும், தனி நாட்டையும் குறிக்கும். தெற்கே பலர் இரண்டாவது பொருளை எடுத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் ஒன்று தமிழில் ஒன்று என்று குற்றம் சாட்டினார்கள். சொல்லுக்குச் சொல் பொருள் பார்க்கும் ஒரு குடியியல் அப்புக்காத்து இந்தப் பெயரை எப்படி விட்டார் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

முதல் தேர்தலிலயே தோத்துப்போனாராமே?

தமிழரசுக் கட்சி சந்தித்த முதல் பொதுத்தேர்தலில், ஆம். 1952-ல் காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனிடம் தோற்றார். நடேசன் பரமேஸ்வராக் கல்லூரி அதிபர், சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன். கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள்: கோப்பாயில் வன்னியசிங்கம், திருகோணமலையில் இராஜவரோதயம். சமஷ்டி என்பது அன்று யாழ்ப்பாணத்துக்கே புரியாத சரக்கு.

நான்கு வருடத்தில் தலைகீழாக மாறியது. சிங்களம் மட்டுமே உத்தியோக மொழி என்ற அலை எழுந்ததும், 1956-ல் தமிழரசுக் கட்சி 10 இடங்களை வென்றது. 1956 ஜூன் 5 அன்று ‘சிங்களம் மட்டும்’ சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது கட்சியினர் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கூட்டமாக வந்தவர்கள் அடித்து நொறுக்கினார்கள். கட்சியின் அமிர்தலிங்கம் தலையில் கட்டோடு சபைக்குள் போனார்.

பண்டா–செல்வா ஒப்பந்தத்தில அப்படி என்னதான் இருந்தது?

பிரதமர் பண்டாரநாயக்கவுக்கும் செல்வநாயகத்துக்கும் இடையே 1957 ஜூலை 26-ல் கையெழுத்தானது. முந்திய வருடம் திருகோணமலை மாநாட்டில் கட்சி நான்கு கோரிக்கைகளை வைத்து, ஒரு வருடத்துக்குள் நிறைவேறாவிட்டால் போராட்டம் என்று தவணை கொடுத்திருந்தது. சமஷ்டி, மொழிச் சமத்துவம், மலையக மக்களின் குடியுரிமை, தமிழ்ப் பிரதேசங்களில் அரச குடியேற்றத்தை நிறுத்துவது என்பவையே அந்த நான்கு. தவணை முடிவதற்கு முன் பேசி முடித்தார்கள்.

கிடைத்தது சமஷ்டி அல்ல, பிராந்திய சபைகள். வடக்குக்கு ஒன்று, கிழக்குக்கு இரண்டு அல்லது அதற்கு மேல். மாகாண எல்லையைத் தாண்டியும் சபைகள் இணையலாம். விவசாயம், காணி, குடியேற்றம், கல்வி, சுகாதாரம், மீன்பிடி, வீதி போன்றவை அவற்றின் கையில். குடியேற்றத் திட்டங்களில் யாருக்குக் காணி கொடுப்பது என்று தெரிவு செய்யும் அதிகாரமும் உண்டு. சிங்களம் உத்தியோக மொழியாக இருக்கும் நிலையைத் தொடாமல், வடக்கு கிழக்கு நிர்வாகம் தமிழில் நடக்கும். குடியுரிமை பற்றி ஒரேயொரு மென்மையான வாக்கியம்: சட்டத்தைத் திருத்துவது பற்றி விரைவில் கவனம் செலுத்தப்படும்.

கட்சியை உடைத்துக்கொண்டு வெளியேறிய காரணமே அந்தக் குடியுரிமைதான். ஒப்பந்தத்தில் ஆகப் பலவீனமான வரியும் அதுதான். செல்வநாயகம் இதைக் கவனித்திருக்க மாட்டார் என்று நான் நம்பத் தயாரில்லை. கிடைத்ததை வாங்கிக்கொண்டு மிச்சத்துக்குப் பிறகு பேசலாம் என்று எண்ணியிருப்பார்.

‘கிழித்தெறிந்தார்’ என்கிறார்களே, நிஜமாகவே கிழித்தாரா, இல்லை பேச்சுக்குச் சொல்கிறார்களா?

1958 ஏப்ரல் 9. அதற்கு முன்பே நிலைமை சூடாகியிருந்தது. ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர். ஜயவர்தன ஒப்பந்தத்துக்கு எதிராகக் கண்டிக்குப் பாதயாத்திரை கிளம்பி இம்புல்கொடையில் மறிக்கப்பட்டார். வடக்கே, பஸ்கள் இலக்கத் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தோடு வந்ததற்கு எதிராகத் தமிழரசுக் கட்சியினர் தார்வாளியும் தூரிகையுமாகக் கிளம்பினார்கள். தெற்கே பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் ஏறியது.

ஏப்ரல் 9 அன்று பிக்குகள் கூட்டமாக வந்து கொழும்பு ரொஸ்மீட் பிளேசில் இருந்த பண்டாரநாயக்கவின் வீட்டு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். ஒப்பந்தத்தை ரத்துச் செய்தேன் என்று வாயால் சொன்னது அவர்களுக்குப் போதவில்லை. எழுத்தில் வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தார். பிரதியொன்றைக் கூட்டத்தின் முன்னால் கிழித்தார் என்றே பலரும் எழுதியிருக்கிறார்கள். கிழித்தது கடதாசியை, ஒப்பந்தம் போனது அந்த எழுத்தால்தான். அடுத்த மாதமே நாடெங்கும் கலவரம். கட்சி தடை செய்யப்பட்டது, தலைவர்கள் வீட்டுக் காவலில்.

பெரிய சட்டத்தரணி எண்டியள். ஒப்பந்தத்தை மீறினதுக்கு வழக்குப் போட்டிருக்கலாந்தானே?

மருமகன் கேட்டது; இந்தப் பக்கத்தை எழுத வைத்ததே இந்தக் கேள்விதான். முடியாது. இரண்டு வியாபாரிகள் ஒப்பமிட்டால் மீறியவரை நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். ஒரு கட்சித் தலைவரும் பிரதமரும் ஒப்பமிட்டது அரசியல் வாக்குறுதி. பாராளுமன்றம் அதைச் சட்டமாக்கும்வரை எந்த நீதிபதியும் அதை நிறைவேற்றச் சொல்ல முடியாது. காணி விற்பனையில் உறுதி முடிக்காமல் கைமாற்றுக் கடதாசியை நம்பிய கதைதான். செல்வநாயகத்துக்கு இது தெரியாமல் இருக்காது. வேறு கடதாசி கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை.

நேரே சட்டங்களை எதிர்த்து வழக்குப் போட்டும் பார்த்தார்கள். சோல்பரி அரசியலமைப்பின் 29-வது பிரிவு ஒரு சமூகத்துக்கு எதிராகப் பாரபட்சமான சட்டம் இயற்றுவதைத் தடுத்தது. அதை வைத்துக் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்த வழக்கு அன்று இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் கோமறைக் கழகம்வரை போய் 1953-ல் தோற்றது. அடுத்தது கோடீஸ்வரன் வழக்கு. அரசாங்க எழுதுவினைஞரான அவர் சிங்களப் பரீட்சை எழுத மறுத்ததால் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. 1964-ல் மாவட்ட நீதிமன்றம் சிங்களம் மட்டும் சட்டம் செல்லாது என்றது. உயர் நீதிமன்றமோ, அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு, அதாவது அரசுக்கு, எதிராக வழக்கே தொடர முடியாது என்று சொல்லி மொழிப் பக்கம் போகவில்லை. 1969-ல் கோமறைக் கழகம், வழக்குத் தொடரலாம், மொழி விஷயத்தை மறுபடி விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பியது. அந்த விசாரணை நடக்கவேயில்லை. 1972 அரசியலமைப்போடு 29-வது பிரிவே இல்லாமல் போயிற்று.

சொந்தமாத் தபால் முத்திரை அடிச்சவையாம். விளையாட்டுக் கதையோ?

கதையல்ல. 1961 பெப்ரவரி 20 அன்று யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்ட அரச செயலகம்) வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. வாசலை மறித்து ஆட்கள் படுத்தும் உட்கார்ந்தும் இருந்தார்கள். பொலிஸ் அடித்துத் தூக்கிப் போட்டது. அடிபட்டவர் இடத்தில் இன்னொருவர் வந்து உட்கார்ந்தார். அது வடக்கு கிழக்கின் மற்றக் கச்சேரிகளுக்கும் பரவி, அரச நிர்வாகம் வாரக்கணக்கில் முடங்கியது. ஏப்ரல் 14-ல் ‘தமிழரசுத் தபால் சேவை’யைத் தொடங்கி, முத்திரை விற்றுக் கடிதங்களையும் விநியோகித்தார்கள்.

அரசாங்கம் அதுவரை பொறுத்திருந்தது. தபால் என்றதும் பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் அவசரகாலச் சட்டம், இராணுவம், தலைவர்கள் எல்லோரும் பனாகொடை முகாமில். முத்திரை அடிப்பது ஓர் அரசின் வேலை என்று அப்புக்காத்துக்குத் தெரியாதா என்ன? தெரிந்தே செய்தார்கள்.

ஒருக்கா ஏமாந்தவர் டட்லியிட்ட ஏன் திரும்பவும் கையெழுத்து வாங்கினவர்?

1965 மார்ச் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 66 இடங்கள், ஆட்சியமைக்கப் போதாது. தமிழரசுக் கட்சியிடம் 14. மார்ச் 24-ல் அக்கட்சித் தலைவர் டட்லி சேனநாயக்கவோடு ஒப்பந்தம். இந்தமுறை பிராந்திய சபை இல்லை, மாவட்ட சபை. அதுவும் மத்திய அரசின் கட்டுப்பாட்டில். முந்தியதைவிடக் குறைவு. ஆனால் காணிப் பங்கீட்டில் தெளிவான வரிசை இருந்தது: முதலில் அந்தந்த மாவட்டத்தின் காணியற்றோர், பிறகு வடக்கு கிழக்கின் தமிழ் பேசும் மக்கள், அதன் பிறகே மற்றவர்கள்.

இந்தமுறை அரசாங்கத்துக்குள் ஒருவரை அனுப்பினார்கள். மு. திருச்செல்வம் கியூ.சி. செனட் வழியாக உள்ளூராட்சி அமைச்சரானார். மாவட்ட சபைச் சட்டமூலத்தைக் கொண்டுவருவதே அவர் வேலை. எதிர்ப்புக் கிளம்ப, 1968-ல் டட்லி அதைக் கைவிட்டார். கிழிக்கவில்லை, கொண்டுவரவில்லை, அவ்வளவுதான். திருச்செல்வம் அதே வருடம் பதவி விலகினார்.

செல்வநாயகம் மந்திரியே ஆகலையா?

இல்லை. ஒருநாளும் ஆகவில்லை.

சாதிப் பிரச்சினையில வாய் திறக்கேல்லை எண்டு இடதுசாரிகள் சொல்லுறது?

அதில் நியாயம் இருக்கிறது. கட்சி தீண்டாமை ஒழிப்பை மாநாட்டுத் தீர்மானங்களில் சொன்னது. ஆனால் 1968-ல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், அவருடைய தொகுதிக்குள்ளேயே, ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போகப் போராடியபோது முன்னின்றவர்கள் இடதுசாரிகள். தமிழரசுத் தலைவர் அங்கே போய் உட்காரவில்லை. கிறிஸ்தவரான அவர் சைவக் கோயில் விஷயத்தில் தலையிட முடியாது என்பது அவர் பக்கத்தார் சொல்லும் சமாதானம். கச்சேரி வாசலில் உட்கார்ந்தவர் கோயில் வாசலில் நின்றிருந்தால் யாழ்ப்பாணம் சற்று வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது என் கருத்து.

குரலே கேட்காதாமே, அப்ப எப்படிக் கூட்டங்களில பேசினவர்?

மெதுவாகப் பேசுவார். பிற்காலத்தில் பார்கின்சன் நோயும் சேர்ந்துகொண்டது. குரல் இன்னும் மங்கியது, காதும் மந்தம். கூட்டங்களில் அமிர்தலிங்கம் போன்றவர்கள் அடித்துப் பேச, இவர் கடைசியில் நாலு வார்த்தை சொல்வார். சனம் அந்த நாலு வார்த்தைக்காக இருந்தது. மேடைப்பேச்சால் வளர்ந்த தமிழ் அரசியலில் இது விசித்திரம்தான். ‘சொன்னால் சொன்னதுதான்’ என்ற நம்பிக்கை என்பதைவிட வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

பாராளுமன்றப் பதவியை விட்டுப்போட்டு அதே தொகுதியில திரும்ப நிண்டது ஏன்?

1972 மே 22-ல் புதிய குடியரசு அரசியலமைப்பு வந்தது. சிங்களம் மட்டும் அரசியலமைப்புக்குள்ளேயே ஏறியது, பௌத்தத்துக்கு முதன்மை இடம், மேலே சொன்ன 29-வது பிரிவு இல்லை. தமிழ் மக்கள் இதை ஏற்கவில்லை என்று நிரூபிக்க அவர் எடுத்த வழி: ஒக்டோபரில் பதவியை விட்டார். என் தொகுதியில் தேர்தல் வையுங்கள், தோற்றால் என் கொள்கையைக் கைவிடுகிறேன் என்று சவால் விட்டார்.

அரசாங்கம் இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தடித்தது. 1975 பெப்ரவரி 6 அன்றுதான் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலத்தை 16,000-க்கும் மேற்பட்ட வாக்குகளால் வென்றார். அந்த வெற்றியைத் தனித் தமிழீழத்துக்கான ஆணை என்று அறிவித்தார்.

சமஷ்டிக்காரர் கடைசியில தனிநாடு கேட்டது இளைஞர்களின் நெருக்குதலாலதானே?

நெருக்குதல் இருந்தது. பல்கலைக்கழக அனுமதிக்கு மாணவருக்கு மாணவர் வெவ்வேறு வெட்டுப்புள்ளி வைக்கும் தரப்படுத்தல் வந்து இளைஞர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். ஆனால் அதை மட்டும் சொன்னால், கிழவர் இழுத்த இழுப்புக்குப் போனார் என்றாகிவிடும். இரண்டு ஒப்பந்தங்களையும் கையில் வைத்துக்கொண்டு, மூன்றாவது ஒன்றை யாரிடம் போய்க் கேட்பது என்ற நிலையில் அவர் இருந்தார் என்பதையும் சேர்க்க வேண்டும்.

1976 மே 14-ல் வட்டுக்கோட்டைத் தொகுதியின் பண்ணாகத்தில், தமிழரசுக் கட்சியும் தமிழ்க் காங்கிரசும் சேர்ந்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் மாநாடு. தலைமை செல்வநாயகம். சுதந்திரமான, இறைமையுள்ள, மதச்சார்பற்ற, சோசலிசத் தமிழீழம் என்று தீர்மானம் நிறைவேறியது. மலையகத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் அதில் சேர்ந்து நிற்கவில்லை. மலையக மக்களுக்காகக் காங்கிரசை விட்டு வந்தவரின் கடைசித் தீர்மானத்தில் மலையகம் இல்லை.

ஜீ.ஜீ.யும் இவரும் கடைசிவரை கதைக்கவே இல்லையோ?

1972-ல் தமிழரசும் காங்கிரசும் தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் ஒரே கூட்டணியில் சேர்ந்தபோதே பழைய பகை தணிந்துவிட்டது. 1976-ல் கூட்டணித் தலைவர்கள் மீது கொழும்பில் ஜூரி இல்லாத விசேட நீதிமன்றத்தில் அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் பக்கம் அணிதிரண்ட சட்டத்தரணிகளில் ஜீ.ஜீ.யும் திருச்செல்வமும் இருந்தார்கள்.

ஜீ.ஜீ. 1977 பெப்ரவரி 9-ல் காலமானார். செல்வநாயகம் ஏப்ரல் 26-ல். ஜூலைத் தேர்தலில் கூட்டணி 18 இடங்களை வென்று, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.